கேட்டுச் சொல்றேன்

அவளுக்குப் பெற்றோர் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவள் பம்பரம்தான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போகும் வேலையை டீச்சர் அவளிடமே கொடுத்திருந்தார். ஒரு பீரியட் முழுக்க அவளைப் பெஞ்சில் உட்கார வைப்பது யாராலும் ஆகிற காரியமாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு முழங்காலைக் குத்தவைத்துத்தான் உட்காருவாள், எந்த நேரமும் எழுந்து ஓடத் தோதாக.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. கண்ணாடித் தடுப்பு, அதில் அரைவட்டமாக ஒரு ஓட்டை, ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருஷம். தண்ணீர் வரவில்லை, தண்ணீர் கலங்கி வருகிறது, குழாய் உடைந்து தெருவே குளமாகக் கிடக்கிறது என்று ஓட்டை வழியாக முகங்கள் வந்துகொண்டே இருக்கும். அவள் எழுதிக்கொண்டு, "பார்க்கிறோம்" என்பாள். பார்க்க வேண்டியவர்கள் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். பார்த்தார்களா இல்லையா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் ஒரு பெரியவர் ஒரே புகாரோடு நாலாவது தடவையாக வந்தார். அவள் அதே வார்த்தையைச் சொன்னாள். அவர் கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பாள். "நீங்க பார்த்துட்டே இருங்கம்மா, நான் நாளைக்கு வர்றேன்" என்று, பஸ் ஏறப் போகிறவர் சொல்லிக்கொள்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அது முள்ளாகக் குத்தி உள்ளேயே தங்கிவிட்டது. அந்த வருஷக் கடைசியில், ஐம்பத்தொன்றாவது வயதில், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டிலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போயாயிற்று. கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார் என்றால் வெயில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகும், அவர் அசையமாட்டார். அவள் அலமாரிகளைக் கவிழ்த்து அடுக்கினாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள், காய்வதற்குள் மறுபடி துவைக்கலாமா என்று பார்த்தாள். ஒரே மாதத்தில் மூன்று முறை ஃப்ரிட்ஜை இடம் மாற்றினாள்.

"இந்த வீட்டுல ஃப்ரிட்ஜுக்குக்கூட நிம்மதி இல்ல" என்றார் கணவர், பென்சிலை எடுக்காமலே.

அந்தச் சமயத்தில்தான் கதவிடுக்கு வழியாக ஒரு நோட்டீஸ் விழுந்தது. நகர சபைத் தேர்தல் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருத்தி சுயேச்சையாக நிற்கிறாள். கால்வாய்க்கு அப்பால் இருக்கும் குப்பைக்கூடத்தை ஒரே வருஷத்தில் மூடிக் காட்டுவேன் என்பது அவளுடைய முதல் வாக்குறுதி. அடியில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: "வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உங்களால் நடக்க முடியுமா?"

நடக்க முடியுமாவா! பம்பரம் அதைப் படித்து முடித்தபோது ஒரு செருப்பு காலில் ஏறியிருந்தது. போதாததற்கு அந்த நாற்றம். காற்று திரும்பினால் மூன்றாவது மாடி வரை ஏறிவந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதை ஒழிப்பேன் என்று ஒருத்தி கிளம்பியிருக்கிறாள் என்றால் அவளுக்காக எத்தனை மாடி ஏறினாலும் தகும் என்று பம்பரத்துக்குத் தோன்றியது.

தேர்தல் அலுவலகம் என்று சொன்ன இடம் ஒரு பழைய செருப்புக் கடை. கடை காலி செய்துவிட்டுப் போயிருந்தாலும் சுவர் அலமாரிகளில் அளவு எண்கள் அப்படியே ஒட்டியிருந்தன. ஆறாம் நம்பர் தட்டில் பள்ளிக்கூடத் தெரு நோட்டீஸ், ஏழில் அஞ்சல் நிலையச் சாலை, எட்டில் அடுக்குமாடிகள் என்று தெருவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கட்டி மேய்த்தவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவரை எல்லோரும் 'கணக்கு சார்' என்றே கூப்பிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் போட வேண்டும். ஒன்று என்றால் நம் ஓட்டு. மூன்று என்றால் மதில்மேல் நிற்பவர். ஐந்து என்றால் அடுத்த தடவை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

"வாக்குவாதம் கூடாது. உட்காரச் சொன்னா உட்காரக் கூடாது. ஒரு வீட்டுக்கு மூணு நிமிஷம்" என்றார் அவர்.

"உட்கார்ற பழக்கமே எனக்குக் கிடையாது சார்" என்றாள் பம்பரம்.

இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். அவளுக்கு ஜோடியாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "வண்டி ஓட்டும்போது பேசாதீர்கள்" என்று முப்பது வருஷம் தலைக்கு மேலே எழுதி வைத்திருந்ததாலோ என்னவோ, மனிதர் இறங்கிய பிறகும் பேசுவதில்லை. வாசலுக்கு வெளியே பட்டியலோடு நிற்பார். அவள் பேசிவிட்டு வந்ததும் எண்ணைப் போட்டுக்கொண்டு, "அடுத்தது" என்பார். ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல், எழுபது எண்பது தடவை.

வேலை அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்து நிற்க வேண்டும். கதவுக் கண்ணாடியில் பார்ப்பவருக்கு வெறும் மூக்கு தெரியாமல் முழு ஆளாகத் தெரிய வேண்டும். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தாலே உள்ளே எத்தனை ஓட்டு என்று ஒரு குத்துமதிப்பு கிடைத்துவிடும். டிவி சத்தம் திடீரென்று நின்றால் ஆள் இருக்கிறார், கதவைத் திறக்கப்போவதில்லை என்று அர்த்தம். தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீட்டில் மணியை அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வீட்டில் குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு ஓடிவந்து, கூரியர் இல்லை என்று தெரிந்ததும் ஏமாந்து நின்றார். எதிரணியின் பரம ஆதரவாளரான ஓர் அம்மாள் இருபது நிமிஷம் நிற்கவைத்து, தன் முழங்கால் அறுவை சிகிச்சையை வெட்டியதிலிருந்து தைத்தது வரை விவரித்தாள். இருந்தாலும் மாலையில் செருப்புக் கடைக்குத் திரும்பும்போது பம்பரத்துக்கு உடம்பெல்லாம் லேசாகியிருக்கும். இருபத்திரண்டு வருஷம் முகங்கள் அவளைத் தேடி வந்தன. இப்போது அவள் முகங்களைத் தேடிப் போகிறாள்.

மூன்றாவது வாரம் பம்பரம் குடியிருந்த அடுக்குமாடியே பட்டியலில் வந்தது. மூன்றாவது மாடியில் டிரைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் வீட்டு மணியைத் தானே அடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். கணவர் திறந்தார். பென்சில் காதில் இருந்தது.

"வணக்கம் சார். டாக்டருக்கு உங்க ஆதரவு உண்டா?" என்றாள் குரலை மாற்றிக்கொண்டு.

அவரும் முகத்தை வெகு கம்பீரமாக வைத்துக்கொண்டு, "யோசிக்கணும்" என்றார்.

"விளையாடாதீங்க."

"விளையாடல. குப்பைக்கூடத்தை மூடுவோம்னு போட்டிருக்கீங்க. அப்புறம் குப்பை எங்க போகும்னு போடலையே? ஒரு பொருள் இங்க இல்லன்னா வேற எங்கயோ இருக்கும். முப்பது வருஷமா பசங்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த சோதனை எல்லாமே இதுதான்."

டிரைவர் 'மூன்று' என்று எழுதினார். "அடுத்தது" என்றார். பம்பரத்துக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. சொந்த வீட்டிலேயே மூன்று! அன்று அவள் கணவரோடு பேசவில்லை. டீயை மட்டும் மேஜையில் 'ணங்' என்று வைத்தாள்.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு பிற்பகல், பட்டியல் சீக்கிரமே முடிந்துவிட்டது. டிரைவர் பேரன் பிறந்தநாள் என்று கிளம்பிவிட்டார். வீட்டுக்குப் போக அவளுக்கு மனமில்லை. பையில் முப்பது நோட்டீஸ் மீதி இருந்தது. கால்வாயின் மேலே ஒரு நடைபாலம் இருக்கிறது. அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. பட்டியலிலும் அந்தப் பக்கத்துச் சந்து வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கக்கூட இல்லாமல் கால்கள் பாலத்தில் ஏறிவிட்டன.

பாலத்துக்கு அப்பால் வரிசையாகத் தகரக் கூரை போட்ட பதினைந்து வீடுகள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் கொடியில் நீல ரப்பர் கையுறைகள், விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, காய்ந்துகொண்டிருந்தன. முதல் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் வயதே இருக்கும் ஒரு பெண் வெளியே வந்தாள். நோட்டீஸை வாங்கி, கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் பிடித்து, கடைசி வரி வரை படித்தாள். இத்தனை வாரத்தில் நோட்டீஸை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

"மூடுவாங்களா?" என்றாள்.

"கண்டிப்பா. ஒரே வருஷத்துல" என்றாள் பம்பரம், ஏற்கெனவே ஆயிரம் வாசலில் சொன்ன அதே உற்சாகத்தோடு.

"நான் அங்கதான் வேலை பார்க்கிறேன். பதினாலு வருஷமா. குப்பைய வகை பிரிக்கிற பெல்ட்ல இப்ப மேஸ்திரி. இந்தச் சந்துல முப்பத்தொரு பேரு அங்கதான். மூடினதுக்கு அப்புறம் நாங்க எங்க போறதும்மா?"

குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பம்பரம் வாயைத் திறந்தாள். நாக்கு தானாகப் பழைய 'பார்க்கிறோம்' பக்கம் போவதை உணர்ந்து பல்லைக் கடித்து நிறுத்தினாள். பிறகு, "எனக்குத் தெரியலங்க. கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"எப்போ?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "வியாழக்கிழமைக்குள்ள" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

மேஸ்திரியம்மா தலையாட்டிவிட்டு நோட்டீஸை நாலாக மடித்து உள்ளே எடுத்துப் போனாள்.

செருப்புக் கடையில் கணக்கு சார் முதலில் நம்பவில்லை. "அந்தச் சந்துக்கா? அத நான் பட்டியல்லயே சேர்க்கலையேம்மா. முப்பத்தெட்டு ஓட்டு, ஒண்ணுகூட நமக்கு வராது. எதுக்கு வேலியில போறத எடுத்து விட்டுக்கிட்டு?"

"கேட்டாங்க சார். பதில் சொல்லணும்ல?"

"மாற்று ஏற்பாடு பரிசீலனையில இருக்குன்னு சொல்லிடுங்க."

"இருக்கா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரிசீலனைன்னா என்னம்மா? யாரோ ஒருத்தர் யோசிக்கிறது. நீங்க இப்ப யோசிக்கிறீங்கல்ல? அப்ப இருக்கு."

பம்பரத்துக்குச் சுரீர் என்றது. கண்ணாடித் தடுப்பும் அரைவட்ட ஓட்டையும் கண்முன் வந்து நின்றன. அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அதைக் காலில் கட்டிக்கொண்டல்லவா வாசல் வாசலாக இழுத்துத் திரிந்திருக்கிறாள்!

அடுத்த இரண்டு நாளும் அவள் டாக்டரைத் துரத்தினாள். திங்களன்று பிரசார வண்டிக்குப் பின்னால் ஓடினாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. டாக்டர் அவளைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்துவிட்டுப் போனாள். செவ்வாயன்று கூட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனால், வண்டி கிளம்பிவிட்டிருந்தது. இடையில் வழக்கமான வீடுகளுக்கும் போய்வந்தாள். மணியை அடித்தாள், இரண்டடி பின்னால் நின்றாள். ஆனால் "ஒரே வருஷத்துல மூடிடுவோம்" என்ற இடம் வரும்போது அதைத் தாண்டிப் போய் நோட்டீஸை நீட்டினாள். மூன்று நிமிஷப் பேச்சு இரண்டாகச் சுருங்கியது. டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தார். வீட்டில் ஃப்ரிட்ஜ் மறுபடி இடம் மாறியது.

புதன்கிழமை காலை ஆறரைக்கு அவள் டாக்டரின் மருத்துவமனை வாசலில் நின்றாள். தேர்தல் வந்தாலும் காலை இரண்டு மணி நேரம் வைத்தியத்தை நிறுத்துவதில்லை என்பது டாக்டரின் கொள்கை. உதவிக்கு வரும் பெண் அன்றைக்கு வரவில்லை. மேஜைமேல் ஒரு பெரிய பழுப்பு நாய், பாதத்தில் கண்ணாடி குத்திக் கிழிந்து, நடுங்கிக்கொண்டு கிடந்தது. அதை வளர்ப்பவர் ரத்தத்தைப் பார்த்ததும் தலைசுற்றி வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. கழுத்தைப் பிடிச்சுக்கோங்க, அழுத்தமா. பேசிட்டே இருங்க அதுகிட்ட" என்றாள் டாக்டர்.

பம்பரம் நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாயிடம் பேச ஒன்றும் தோன்றவில்லை. அதனால் டாக்டரிடம் பேசினாள். சந்து, கையுறைகள், முப்பத்தொரு பேர், வியாழக்கிழமை, எல்லாவற்றையும். டாக்டர் ஊசியை ஓட்டிக்கொண்டே கேட்டாள். நாலாவது தையல் போட்டு நூலை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உண்மையச் சொல்லவா? எனக்குத் தெரியலக்கா. நாத்தத்தைப் பத்தி யோசிச்சேன். ஆளுங்களப் பத்தி யோசிக்கவே இல்ல."

"நாளைக்கு நான் பதில் சொல்றதா சொல்லியிருக்கேன்."

"ஒம்பது நாள்தான் இருக்கு. இப்ப இதைத் தொட்டா என்னைப் பிச்சுப் போட்டுடுவாங்க. முடியட்டுமே."

"நாளைக்கு நான் என்ன சொல்லட்டும் டாக்டர்?"

டாக்டர் பஞ்சை மருந்தில் நனைத்துப் பாதத்தைத் துடைத்தாள். நாய் ஒருமுறை முனகியது. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லுங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

வியாழன் பிற்பகல் பம்பரம் பாலத்தில் ஏறினாள். டிரைவரிடம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவர் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். காலை ஷிப்ட் முடிந்த நேரம். மேஸ்திரியம்மா வீட்டு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் வருவாள் என்று யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் நின்றார்கள். மேஸ்திரியம்மா ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். பம்பரம் உட்காரவில்லை.

"கேட்டேங்க. அவங்களுக்கும் தெரியல. உங்களப் பத்தி யோசிக்கலன்னு அவங்களே சொன்னாங்க. வேற ஏற்பாடு ஒண்ணும் கிடையாது. இருக்குன்னு சொன்னா அது பொய்."

பின்னாலிருந்து ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கா பாலம் ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க. சொல்றேன்னு சொல்லிட்டுப் போனேன்ல."

மேஸ்திரியம்மா சிரிக்கவில்லை. "எங்க பேருக்கு நேர என்ன நம்பர் போடுவீங்க?" என்று, டிரைவர் கையில் எண்கள் போட்டிருந்த பட்டியலைக் காட்டிக் கேட்டாள்.

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தச் சந்து இதுல இல்லம்மா" என்றார். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

கூட்டத்தில் யாரோ செல்போனில் இதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. எதிரணிக்காரர்கள் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வட்டம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். "அவங்களுக்கும் தெரியல" என்று பம்பரத்தின் குரல் செல்போன் செல்போனாக ஒலித்தது. பள்ளிக்கூடத் தெருவில் டிரைவரோடு அவள் நடந்தபோது, ஒரு மாடியிலிருந்து யாரோ அதைச் சத்தமாக வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

கணக்கு சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் கையிலிருந்த பையை வாங்கி ஏழாம் நம்பர் தட்டில் வைத்தார். "நாப்பது நாள் வேலை. நாலு நிமிஷத்துல கொட்டிக் கவுத்துட்டீங்க. நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

"நானும் அங்கதான் சார் இருந்தேன்" என்றார் டிரைவர். செருப்புக் கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். பலர் அவர் குரலையே அன்றுதான் கேட்டார்கள். "அந்தம்மா ஒரு வார்த்தை கூட்டியோ குறைச்சோ சொல்லல. எனக்குப் பேச வராது. வந்திருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்." பிறகு தன் பட்டியலை எடுத்துக்கொண்டு தனியாகவே வெளியே நடந்தார். அவருடைய கணக்கில் இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது.

மீதி ஆறு நாளை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. குளியலறைச் சுவரைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். மொட்டை மாடிக்கும் தரைக்கும் ஏறி இறங்கினாள். சரியாகத்தான் செய்தோம் என்று ஒரு மாடிப்படியில் தோன்றும். அடுத்த படியில், ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று தோன்றும். மகள் போனில், "அம்மா, நீ இங்க வந்து பத்து நாள் இரு" என்றாள். "ஓட்டுப் போடணும்" என்று பம்பரம் போனை வைத்துவிட்டாள்.

கணவர் ஆறுதல் சொல்கிற ரகமில்லை. ஒருநாள் மட்டும், அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "நான் மூணுல இருந்தேன்ல. இப்ப ஒண்ணு போட்டுக்கோ" என்றார்.

"எதுக்காம்?"

"தெரியாதத தெரியாதுன்னு சொல்ற ஆள வேலைக்கு வெச்சிருக்காங்களே, அதுக்கு."

"வெச்சிருக்கலங்க. அனுப்பிட்டாங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் துணியை வாங்கி மீதி மேடையைத் துடைத்தார்.

டாக்டர் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள்.

முடிவு வந்த மறுநாள் பம்பரம் செருப்புக் கடைக்குப் போனாள். கூப்பிடாத இடம்தான், ஆனால் தட்டுகளைக் காலி செய்து, கூட்டிப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டுமே. கணக்கு சார் தனியாக இருந்தார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மீந்துபோன நோட்டீஸ்களைக் கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். கடைசியில் அவளே கேட்டாள்.

"என்னாலதானா சார்?"

அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "ரெண்டு நாளா பூத் பூத்தா போட்டுப் பார்க்கிறேன். அந்தச் சந்து ஓட்டு நாலு தெரு ஓட்டோட கலந்து கிடக்கு, பிரிக்க முடியல. உங்களால இல்லன்னு என்னால சொல்ல முடியாது. உங்களாலதான்னும் சொல்ல முடியாது. இது கணக்குல வராதும்மா." அவ்வளவு சொல்வதற்கே அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. ஆறுதலாக ஒரு பொய் சொல்லாமல் விட்டாரே என்று அவள் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து டாக்டர் போன் செய்தாள். "அக்கா, அந்தச் சந்துக்கு வழி காட்டுறீங்களா?"

ஞாயிறு காலை போனார்கள். டாக்டரைப் பார்த்ததும் அன்று சிரித்த அதே ஆள் இன்றும் சிரித்தார். "ஓட்டுப் பெட்டிய மூடியாச்சே டாக்டர்! யாருக்கு வைத்தியம் பார்க்க வந்தீங்க?" இன்னும் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டாக்டரின் முகம் கறுத்தது. திரும்பிப் போய்விடுவாளோ என்று பம்பரம் பயந்தாள். டாக்டர் நின்றாள்.

"அன்னைக்கு எனக்குத் தெரியல. இன்னைக்கும் தெரியல. கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

மேஸ்திரியம்மா கொடியிலிருந்து இரண்டு ஜோடிக் கையுறைகளை உருவி அவர்களிடம் கொடுத்தாள். "பேச்சு வேணாம். வந்து பாருங்க."

குப்பைக்கூடத்துக்குள் பம்பரம் எதிர்பார்த்தது ஒரு பெரிய நரகம். உள்ளே போனால், பெரும்பகுதி அவளுடைய புகார்ப் பிரிவைவிட ஒழுங்காக இருந்தது. ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று பாட்டில் தனி, காகிதம் தனி, தகரம் தனி என்று கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போடுகிறார்கள். கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே அவ்வளவாக நாற்றமில்லை. மேஸ்திரியம்மா அவர்களைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். வடக்கு மூலையில், திறந்த வெளியில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஈரக் குப்பை குவிந்திருந்தது. அதன் அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்து கால்வாய்ப் பக்கம் ஓடியது. டாக்டர் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான். உங்க வீட்டுக்கு வர்ற நாத்தம் மொத்தமும் இந்த ஒரு குவியல். இதுக்கு மேல கூரை, கீழ ஒரு வடிகால், அவ்வளவுதான் வேணும். நாலு வருஷமா எழுதிக் கொடுத்துட்டு இருக்கோம்."

"என்ன சொன்னாங்க?" என்றாள் பம்பரம், பதில் தெரிந்தும்.

"பார்க்கிறோம்னாங்க."

டாக்டர் குனிந்து, அந்தக் கறுப்புத் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்தாள். "நாப்பது நாள் தெருத் தெருவா கத்தினேன். ஒரு நாள் பாலத்தத் தாண்டி வந்திருக்கலாம்" என்றாள்.

மனு எழுதியது டாக்டர். அளவு, நீளம், அகலம் சொன்னது மேஸ்திரியம்மா. கையெழுத்து வாங்கும் வேலை பம்பரத்திடமும் டிரைவரிடமும் வந்தது. மறுபடி அதே கதவுகள். "தேர்தல் முடிஞ்சிடுச்சே?" என்று எல்லா வாசலிலும் கேட்டார்கள். "இது வேற" என்று தொடங்கினால் சிலர் நின்று கேட்டார்கள், சிலர் பாதியிலேயே சாத்தினார்கள். அவள் குரலைச் செல்போனில் வைத்துச் சிரித்த வீட்டில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கணக்கு சார் தாமாகவே வந்து, எந்தத் தெருவில் எத்தனை விழுக்காடு கையெழுத்து என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். மேஸ்திரியம்மா ஷிப்ட் இல்லாத நாட்களில் கூடவே நடந்தாள். கதவைத் திறப்பவர்கள் முதலில் அவளுடைய கையைத்தான் பார்ப்பார்கள். அவள் அந்தக் கையாலேயே பேனாவை நீட்டுவாள்.

ஆயிரத்து எழுநூறு கையெழுத்து சேர்ந்தது. பதினாலு மாதம் இழுத்தடித்த பிறகு, ஜெயித்த உறுப்பினர் வந்து அடிக்கல் நாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோவில் மேஸ்திரியம்மாவின் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. கூரை பாதிக் குவியலுக்குத்தான் போட்டார்கள். மறுபாதிக்கு அடுத்த வருஷம் என்றார்கள். வடிகால் வெட்டியாயிற்று. நாற்றமும் பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. மழைக்காலத்தில் மூன்றாவது மாடிவரை இன்னும் ஏறி வருகிறது. முப்பத்தொரு பேருக்கும் வேலை இருக்கிறது, ஒருவரைத் தவிர. அவர் முதுகு வலி தாளாமல் தானாக நின்றுகொண்டார்.

பம்பரத்தின் இடது முழங்கால் இப்போது படியேறினால் கடகடவென்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்த அம்மாளே அவளுக்கு ஒரு பட்டை வாங்கித் தந்து, எப்படிக் கட்டுவது என்று அரை மணி நேரம் செய்து காட்டினாள். மறுபாதிக் கூரைக்கான மனுவில் நானூற்றுச் சொச்சம் கையெழுத்து ஆகியிருக்கிறது. இன்று காலை டிரைவர் போன் செய்து, அஞ்சல் நிலையச் சாலையில் புதிதாக ஆறு குடும்பங்கள் வந்திருக்கின்றன என்றார். இவ்வளவு நீளமான வாக்கியம் அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம். பம்பரம் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.